மாறிப்போன வசனம்

கடைசி பீரியட். சாய்ந்த வெயில் கரும்பலகையில் ஏறி நிற்கிறது. மனம் சோர்ந்தவன் உதவி கேட்பதையும், நண்பன் அதைக் காது கொடுத்துக் கேட்பதையும் இருவர் இருவராக நடித்துப் பழகும் வகுப்பு இது. இப்போது நண்பனாக நடிக்க வேண்டியவன், ஓயாத அரட்டையால் 'ரேடியோ' என்று பேர் வாங்கியவன். அவன் முந்திக்கொண்டு, "ரொம்ப நாளா எதுவுமே பிடிக்கலடா. தூக்கமும் வரல," என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. "டேய், அது என் வசனம்டா," என்கிறான் ஜோடி. "தெரியும்டா." ரேடியோ சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கி, மின்விசிறியின் கடகடப்பு மட்டும் மிஞ்சுகிறது. டீச்சர் எழுந்தவர் எழுந்தபடியே நிற்கிறார். ஜோடி வசனத்தாளைக் கவிழ்த்து வைக்கிறான். பெஞ்சிலிருந்த பையைக் கீழே தள்ளுகிறான். "வா, உக்காரு. சொல்லு." முன் வரிசைப் பெண் மெல்ல எழுந்து போய் விசிறியை நிறுத்துகிறாள். இத்தனை பெரிய அமைதியை இந்தச் சின்ன அறை எப்படித்தான் தாங்குகிறதோ! எல்லோருக்கும் வியர்க்கிறது. ஒருவரும் அசையவில்லை.