படிக்கம்

இத்தாலியில், லிபெர்த்தா வட்டாரத்தில் றோசமலர் வேலை செய்யும் வீட்டில், கூடத்துத் தரையில் இன்றைக்கும் பழுப்பு எச்சில் கிடந்தது. நேர் மேலே, தனியே வாழும் வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் கொள்ளுத்தாத்தா படத்தில் நின்றார். அமெரிக்காவில் பேஸ்பாலைக் காசுக்கு ஆடத் தொடங்கிய காலத்தில் பேர்போன ஆட்டக்காரர். எதிராளிக்குப் பந்து தெரியாதிருக்க, அதில் புகையிலைச் சாற்றைத் துப்பி எறிவாராம். படத்திலும் ஒரு கன்னம் உப்பியிருந்தது.

“உங்கள் ஆட்கள்தானே வெற்றிலை போடுவது? இனியும் கண்டால் வேலைக்கு வராதே” என்றாள் சிஞ்ஞோரா.

வெற்றிலையை வாயில் வைத்தே அறியாத றோசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிஞ்ஞோரா அப்பால் போனதும், ஊரில் கிழடுகளுக்குத் துப்பப் படிக்கம் வைப்பதுபோல, பித்தளைப் பூச்சாடி ஒன்றைப் படத்தின் கீழே ணங்கென்று வைத்தாள்.

“நீ துப்ப, நான் பேச்சு வாங்கிறதோ? துப்பிறதெண்டா இதுக்குள்ளை துப்பு!”

மறுநாள் காலை தரை பளிச்சென்றிருந்தது.

“பார்த்தாயா, ஒரு அதட்டலோடு பழக்கத்தை விட்டுவிட்டாய்” என்று சிஞ்ஞோரா அவள் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

றோசமலர் பல்லைக் கடித்தபடி பூச்சாடியைத் தூக்கினாள். அரைவாசிக்குப் பழுப்பு எச்சில் நிரம்பியிருந்தது. மேலே நுரை இன்னும் உடையவில்லை. பித்தளை அவள் உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருந்தது.