வாசலைத் தாண்டாதவர்

"முடியாதுன்னா முடியாதுதான். இந்த வாசலை நான் தாண்ட மாட்டேன்!"

ஆர்வோ கைத்தடியைச் சரளைக்கல்லில் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். மகள் ஐலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வான்கூவரிலிருந்து நேற்று முழுக்கக் கார் ஓட்டி, இந்த மழையில் ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தால், மீனை டப்பாவில் அடைக்கும் பழைய ஆலையில் அமைந்த அருங்காட்சியகத்தின் வாசலிலேயே ஆறு பேர் பலகை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளாம். காலையிலிருந்து வேலைநிறுத்தமாம். 'சால்மன் மீனுக்கு இருந்த மதிப்பாவது எங்களுக்கு வேண்டாமா?' என்றது ஒரு பலகை.

"அப்பா, அவங்க யாரையும் தடுக்கலையே. மத்தவங்க எல்லாம் போறாங்க பாருங்க."

"போறவங்க போகட்டும்."

"மாமா, அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க. காலையில நாம ஊருக்குக் கிளம்பணும்," என்றான் ஐலாவின் கணவன் டெரெக். மழைக்கோட்டுத் தொப்பியிலிருந்து அவன் மூக்கின் மேல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ போய்ப் பாரு மாப்பிள்ளை. உள்ளே நனையாம இருக்கலாம்."

ஐலாவுக்குப் பொறுக்கவில்லை. அப்பா இருபத்து மூன்று வயதில் வேலை பார்த்த ஆலை இது. எழுபத்திரண்டாம் வருடக் கோடையில் இங்கே நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்கு இப்போதுதான் உள்ளே ஒரு நினைவுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கடைசிவரை பணியாமல் நின்ற முந்நூறு பேரின் பெயர்களையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாட்களைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. தற்பெருமை பிடிக்காத மனிதர் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கியிருக்கிறாள்.

"அந்தச் சுவர்ல உங்க பேரைத் தொட்டுப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்! எழுபத்தஞ்சு வயசாச்சு உங்களுக்கு. இன்னொரு தடவை வருவோமா?"

"வராட்டிப் போகுது."

டெரெக் அவள் காதருகே குனிந்தான். "படகுத்துறைப் பக்கம் ஒரு கதவு இருக்கு. அப்படியே நைசா கூட்டிட்டுப் போயிடலாமா?"

மற்ற நேரத்தில் கூப்பிட்டால் கேட்காத காது, இதை மட்டும் பிடித்துக்கொண்டது.

"ஏன் மாப்பிள்ளை, அந்தக் கதவு வேற ஆலைக்கா போகுது?"

பலகை பிடித்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சத்தம் கேட்டு நிர்வாகியே குடையோடு ஓடி வந்தார். "ஐயா, நீங்க இங்க வேலை பார்த்தவராமே! உங்களுக்கு எதுக்கு டிக்கெட்? வாங்க, நானே கூட இருந்து சுத்திக் காட்டுறேன்."

"முதல்ல இந்தப் பிள்ளைங்களோட உட்கார்ந்து பேசுங்க சார். அப்புறம் என்னோட பேசலாம்."

நிர்வாகி வந்த வேகத்தில் திரும்பிப் போனார். பின்னாலேயே கைதட்டல் எழுந்தது. பலகை பிடித்தவர்களில் டீகன் என்ற பெண் குளிரில் விறைத்த விரல்களை ஊதிக்கொண்டிருந்தாள். ஆர்வோ கைத்தடியை மகளிடம் கொடுத்துவிட்டு, டீகனின் பலகையை வாங்கிக்கொண்டார். தடியில்லாமலே நிமிர்ந்து நின்றார்.

அதைப் பார்த்ததும் ஐலாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. சுவராவது மண்ணாவது! காரிலிருந்து ஏலக்காய் ரொட்டியை எடுத்து வந்து எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தாள். டெரெக்கும் பெருமூச்சு விட்டுவிட்டு பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினான். மழை வலுத்தது. யாரும் நகரவில்லை.

"எங்கப்பா அப்பவும் இப்படித்தான்," என்றாள் ஐலா டீகனிடம். குரலில் பெருமை பொங்கியது. "எழுபத்திரண்டுல இதே இடத்துல நின்னவரு. முதலாளியே வந்து கெஞ்சியிருந்தாலும் மசிஞ்சிருக்க மாட்டாரு."

டீகன் கண்களை அகல விரித்தாள். "நிஜமாவா தாத்தா? அப்போ எத்தனை நாள் நின்னீங்க?"

ஆர்வோ பலகையை இன்னும் உயர்த்திப் பிடித்தார். பதில் அந்தப் பெண்ணுக்கு என்றாலும், பார்த்தது மகளைத்தான்.

"ஒரு நாள்கூட நிக்கலம்மா. முந்நூறு பேரும் இங்க மழையில நின்னப்போ, அவங்க முகத்தைப் பார்க்காம இந்த வாசலைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போனவன் நான்."