தரையில் நின்ற விமானம்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, விமானமும் விண்கலமும் ஓட்டிய பெண்களுக்காக ஓர் அருங்காட்சியகம் திறந்த வருடம் 2005. வினோதினிக்கு அங்கே வழிகாட்டி வேலை. கூடத்தின் நடுவில், எஞ்சின் கழற்றிய பயிற்சி விமானம் ஒன்றைத் தரையில் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம், ஆசைப்பட்டு அதில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடி மூடி தானாகச் சாத்திக்கொண்டது. தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை.

"பஷீராக்கா, மூடி மாட்டிக்கிச்சு, தொறங்க!"

கூடத்தைத் துடைக்கும் பஷீரா ஈரத்துணியோடு வந்து, வினோதினியின் முகத்துக்கு நேரே கண்ணாடியைத் துடைத்தாள்.

"இந்தப் பொண்ணு எங்க போச்சு? வினோதினி, டீ ஆறுது, வாம்மா!"

வினோதினி இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள். பஷீரா துணியைப் பிழிந்துகொண்டே நகர்ந்து போனாள்.

அவள் நகர்ந்ததும் கண்ணாடிக்கு வெளியே கூடம் இல்லை. வெகு கீழே உப்புப் பாத்திகள் வெள்ளைச் சில்லுகளாக மின்னின. இன்னும் சிறுத்துக்கொண்டே போயின.