இரக்கமில்லாதவன்

மகளின் தோள்பட்டையில் இன்னொரு காயம்.

ஆஸ்பத்திரி நர்ஸான அம்மாவுக்குக் காயத்தின் வயசு தெரியாதா? மஞ்சளாய் இருப்பது போன வாரத்தது. கருநீலம் நேற்றையது.

"யாருடி இப்படிப் பண்றது?"

"ஜூடோன்னா அடிபடாதா? விடும்மா."

வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்றபோது, ஒற்றை ஆளாய் மல்லுக்கு நின்று மகளை ஜூடோவில் சேர்த்துவிட்டவளே அவள்தான். அதனாலேயே மனசு கேட்கவில்லை. மறுநாள் டியூட்டி முடிந்ததும் யூனிஃபார்மோடு நேரே பயிற்சிக் கூடத்துக்குப் போய், வாசலோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

உள்ளே மகள் ஒருத்திதான் பெண். மற்றதெல்லாம் பையன்கள்.

முதலில் ஒரு நெட்டைப் பையன் வந்தான். பட்டும் படாமலும் பிடித்தான். மகள் லேசாக இழுத்ததும் பொத்தென்று விழுந்து, "சூப்பர் தங்கச்சி!" என்று சிரித்தான். அடுத்தவனும் அப்படியே.

'பெத்தவங்க நல்லா வளர்த்திருக்காங்க' என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அப்புறம் வந்தான் ஒருத்தன். குள்ளமாய், கட்டுமஸ்தாய். 'கட்டை' என்று கூப்பிட்டார்கள். முகத்தில் சிரிப்பே இல்லை. மகளின் சட்டைக் காலரைப் பிடித்தான், சுழற்றினான், தூக்கி மெத்தையில் அடித்தான். தொம்!

எழுந்தாள். மறுபடியும் தொம்!

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

"ஏண்டா, நீ அக்கா தங்கச்சியோட பொறக்கலையா? இந்தப் பிள்ளைங்களும்தானே விளையாடுறாங்க, எவ்வளவு பதமா! பொண்ணுன்னுகூடப் பார்க்காம இப்படித் தூக்கி அடிக்கிறியே!"

கட்டை தலையைக் குனிந்துகொண்டான். காது மடல் சிவந்துபோயிற்று.

"நீ கிளம்புடி. இனிமே இந்தப் பக்கமே வர வேண்டாம்."

மகள் மூச்சு வாங்க எழுந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன போட்டியில முதல் ஆட்டத்துலயே தோத்துட்டு வந்து உன் மடியில படுத்து அழுதேனே..."

"இப்ப எதுக்கு அது?"

"இங்க தினமும் எல்லாரையும் ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்மா. அங்க போய்த்தான் தெரிஞ்சுது, இவங்கெல்லாம் பாவம் பார்த்து வேணும்னே விழுந்திருக்காங்கன்னு."

நெட்டைப் பையன் வேறெங்கோ பார்த்தான்.

"நிஜமா மோதுங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சினேன். யாரும் கேட்கல. இவன் மட்டும்தான் சரின்னான். 'பொம்பளைகிட்ட வீரத்தைக் காட்டுறான்'னு எல்லாரும் இவனைக் கிண்டல் பண்றாங்க. பதிலுக்கு வாயே திறக்க மாட்டான்."

அவள் கட்டையைக் காட்டினாள்.

"என்னைப் பொண்ணுன்னு பார்க்காம ஆட்டக்காரியாப் பார்க்கிறவன் இங்க இவன் ஒருத்தன்தாம்மா."

அம்மா கட்டையின் பக்கத்தில் போய், கசங்கியிருந்த அவன் சட்டைத் தோளைத் தடவிச் சரிசெய்தாள்.

"தம்பி, நான் பேசினதை மனசுல வெச்சுக்கிட்டு, நாளைக்குப் பதமா கிதமா போட்டுடாதேப்பா!"