எண் ஒட்டிய பாட்டில்கள்

"குணமானவங்கதான் மாமா திரும்பி வந்து நன்றி சொல்வாங்க. குணமாகாதவங்க எங்க போனாங்கன்னு என்னைக்காவது விசாரிச்சீங்களா?"

மருமகள் இப்படிக் கேட்டதும் சாப்பாட்டு மேசையில் அவள் கணவன் அவசரமாகச் செய்தித்தாளை விரித்து அதற்குள் ஒளிந்துகொண்டான்.

மாமனார் நாற்காலியில் முதுகு சாய்க்காமல் உட்காரும் மனிதர். இப்போது இன்னும் நிமிர்ந்தார். "மூணு தலைமுறையா இந்த வீட்டுத் தைலம் ஊர்ல இருக்கிற முட்டியை எல்லாம் நடக்க வெச்சிருக்கு. எங்க தாத்தா மாட்டின போர்டு இன்னும் வாசல்ல தொங்குது. நேத்து வந்த நீ..."

"நான் வந்து ஆறு வருஷம் ஆச்சு மாமா."

"எங்க குடும்பக் கணக்குல அது நேத்துதான்."

மருமகள் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். சோதிக்காத எதையும் மருந்து என்று சொல்ல அவளுக்கு நாக்கு வராது.

"எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைக் கேளு. தடவின ஒரே வாரத்துல மாடிப்படி ஏறினா!"

"தடவாம இருந்தாலும் ஏறியிருப்பாங்களோ என்னமோ. வலி தானா வரும், தானா போகும். தைலத்தால போச்சா, தானா போச்சான்னு எப்படித் தெரியும்?"

"அவளே சொல்றாளே!"

"நம்ம தபால்காரர்கூடத்தான் சொல்றார், அவர் குடை எடுத்துட்டு வந்தா மழை வராதுன்னு."

செய்தித்தாள் குலுங்கியது. மாமனார் அதை ஒரு பார்வை பார்த்தார். குலுங்கல் அடங்கியது.

"சரி, என்னதான் செய்யணும்ங்கிற?"

"பாதி பாட்டில்ல நம்ம தைலம். மீதியில அதே நிறம், அதே வாசனை, ஆனா வெறும் எண்ணெய். என்கூட வேலை செய்யிற தோழி எல்லாத்துலயும் நம்பர் ஒட்டித் தருவா. எதுல எது இருக்குன்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாங்கறவங்ககிட்ட இது சோதனைன்னு சொல்லி நான் சம்மதம் வாங்கிடறேன். எப்பவும் போல நீங்களே உங்க கையால கொடுங்க."

"எதுல எதுன்னு எனக்கும் சொல்ல மாட்டியா?"

"எனக்கே தெரியாது மாமா. உங்களுக்குத் தெரிஞ்சா உங்க முகமே காட்டிக்கொடுத்துடும். நீங்க மிடுக்கா நீட்டினாலே பாதி வலி ஓடிடுமே!"

அது பாராட்டா பரிகாசமா என்று மாமனாருக்குப் பிடிபடவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

"தைலம் தோத்துதுன்னா போர்டைக் கழட்டிடறேன். அப்புறம் ஒரு சொட்டுகூட இந்த வீட்டுலேருந்து போகாது. ஜெயிச்சுதுன்னா, உன் கம்பெனிப் பெரியவங்க முன்னாடி நீயே இதைப் பத்திப் பேசணும்."

"பேசறேன். ஆனா பாட்டிலைக் கொடுக்கிறதைத் தவிர நீங்க வேற எதுவும் செய்யக் கூடாது."

"வாக்குக் கொடுத்தா மாறுற பரம்பரை இல்லைம்மா இது."

பாட்டில்கள் வந்தன. மாமனாரின் கையாலேயே தெருவெங்கும் போயின. மாதம் ஒன்று கழிந்ததும் மருமகள் வீடு வீடாகப் போய் விசாரித்தாள். தோழிக்குப் போன் செய்து எந்த எண்ணில் எது என்று கேட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"நம்ம தைலம் தடவினவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு வலி குறைஞ்சிருக்கு மாமா."

"சொன்னேனா இல்லையா!"

"வெறும் எண்ணெய் தடவினவங்கள்லயும் முக்கால்வாசிப் பேருக்குக் குறைஞ்சிருக்கு."

"எல்லாருக்கும் நல்லாயிடுச்சுன்னா சந்தோஷம்தானே?" என்றான் கணவன், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"சந்தோஷம்தான். ஆனா தைலத்துக்கும் சாதா எண்ணெய்க்கும் வித்தியாசம் இல்லைன்னுல்ல ஆகுது!"

கூரை இடிகிற மாதிரி ஒரு சத்தம் வரும் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டாள் மருமகள். சத்தம் வரவில்லை. மாமனாரின் முகம் மட்டும் கறுத்தது. எழுந்துபோய் ஸ்டூலையும் ஸ்குரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

ஜெயித்தவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடினாள். "மாமா, ஒரு சோதனையோட முடிஞ்சுபோறதில்ல. ஆள் போதாது, இன்னொரு தடவை செய்யுன்னு நீங்க தாராளமா கேட்கலாம். அதுல தப்பே இல்ல."

"தோத்தா கழட்டறேன்னு சொன்னேன். கழட்டறேன். ஸ்டூலைப் பிடி."

துருப்பிடித்த திருகாணி கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் கேட்டு மாமியார் ஈரக்கையோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

"ஐயோ, இறங்குங்க! இப்பவாவது வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!"

"உள்ளே போ நீ."

"போக மாட்டேன். தாத்தா மாட்டின போர்டையே கழட்டுவாராம், வாக்கை மீறினேன்னு மட்டும் சொல்ல மாட்டாராம்! நீ கேளும்மா. பாட்டில் எல்லாம் வந்த அன்னைக்கு, நீ குளிக்கப் போனதும் இவர் என்ன செஞ்சார் தெரியுமா? 'என் கையால கொடுக்கிறது ஒண்ணுகூடப் போலியா இருக்கக் கூடாது'ன்னு, எது போலின்னு தெரியாததால எல்லாத்தையும் தொட்டியில கவுத்துட்டு, ஒரு பாட்டில் விடாம நம்ம தைலத்தையே ஊத்தி வெச்சாரும்மா இந்த மனுஷன்!"