பிரேக்கில் வைத்த கால்

“காலை எடுத்துராதீங்க சாமி! எடுத்தீங்கன்னா எங் கை போச்சு!”

பானெட்டுக்குள் தலையை விட்டபடி லிங்கம் கத்தினான். சுத்தப் பொய். அவன் கை சொகுசாக ரேடியேட்டர்மேல் கிடந்தது.

டிரைவர் சீட்டில் கல்யாணராமன், பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு முகம் சிவக்க உட்கார்ந்திருந்தார். மணி ஒன்பதே முக்கால்.

“இன்னும் எத்தனை நாழிடா?”

“பத்தே நிமிஷம் சாமி. இந்தக் கிராங்க் புல்லி போல்ட்ட முறுக்கினா எஞ்சினும் கூடச் சுத்துது. பூட்டிப் பிடிக்கத் தனி டூல் உண்டு, நம்மகிட்ட இல்ல. இன்னைக்கு உங்க கால்தான் டூல். அனங்காதீங்க, அப்படியே அசையாம இருக்கணும், கேட்டோ!”

கல்யாணராமன் பல்லைக் கடித்தார். பத்தரைக்கு நெய்யாற்றின்கரை கோயிலில் அவர் பெண் சூடாமணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, அவளோடு ஆபீஸில் வேலை பார்க்கும் நாயர் பையன். “தாலி ஏர்றதுக்கு முன்னாடி போய் நிறுத்தறேனா இல்லையா பாருங்கோ!” என்று கோட்டைக்குள் தன் அக்ரகாரத் தெரு முழுக்கக் கேட்கும்படி சபதம் போட்டுவிட்டு வந்திருந்தார்.

அவர் மனைவி பாகீரதி முந்தின நாளே பழவங்காடிக்கு வந்து, லிங்கத்தின் ஒர்க் ஷாப் வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

“லிங்கம், நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் அந்த மனுஷரை இங்கேயே பிடிச்சு வையேன். அவர் அங்கே வந்தார்னா என் பொண்ணு கழுத்திலே தாலி ஏறாது.”

அதற்குத்தான் இந்த நாடகம். உண்மையில் அந்த போல்ட்டை நேற்று மாலையே முறுக்கி முடித்தாயிற்று. டூல் இல்லாவிட்டால் என்ன, பெண்டாட்டி பேச்சி இருக்கிறாள். சாமியின் மோரிஸ் காரை டாப் கியரில் போட்டு அவளை பிரேக்கை மிதிக்கச் சொன்னான். நின்ற சக்கரம் எஞ்சினையும் பிடித்து நிறுத்திவிடும். கியரில் போடாமல் எத்தனை மிதித்தாலும் பிரயோஜனமில்லை. பேச்சி மிதித்ததைவிடத் திட்டினது அதிகம்.

மணி பத்து.

“ஆயிடுத்தா?”

“அரைச் சுத்து பாக்கி சாமி. ஐயோ, கால் இளகுது! விரலு, விரலு!”

கல்யாணராமன் பதறிப்போய் இன்னும் அழுத்தினார். பெற்ற பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்கப் போகிறவர், மெக்கானிக்கின் விரலுக்கு இப்படிப் பதறுகிறாரே! லிங்கத்துக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் காலி டாக்ஸி ஒன்று சந்துக்குள் வந்தது. லிங்கம் பானெட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தான். இவர் ஒரு கை தட்டினால் போதும், கதை முடிந்தது. நல்லவேளை, கல்யாணராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்ஸி ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டது.

பதினொன்றேகால்.

“ஆயாச்சு சாமி!”

கல்யாணராமன் மரத்துப்போன காலை உதறிக்கொண்டு இறங்கினார். அறை விழப்போகிறது என்று லிங்கம் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டான்.

“இந்நேரம் தாலி கட்டி முடிஞ்சிருக்குமோல்லியோ?”

“முடிஞ்சிருக்கும் சாமி.”

“எங்க தெருவிலே யாராவது வந்து கேட்டா என்ன சொல்லுவே?”

“சாமி தையத்தக்கான்னு குதிச்சாரு, வண்டிதான் ரெடியாகலன்னு சொல்லுதேன்.”

“பேஷ். மறந்துடாதே.”

மறுபடி ஏறி உட்கார்ந்தவர், கியர் லீவரை இரண்டே விரலால் இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். அது லொடலொடவென்று ஆடியது. நியூட்ரல்!

லிங்கம் தலையில் அடித்துக்கொண்டான். நேற்று வேலை முடிந்ததும் நியூட்ரலுக்குத் தள்ளியவன் அவன்தான். இன்றைக்கு மறுபடி கியரில் போட மறந்தே போனான்.

“இருபது வருஷமா வண்டி ஓட்டறேன், உட்கார்ந்த உடனேயே பார்த்துட்டேன்” என்றார் கல்யாணராமன். “அடுத்த தடவை ஆளை ஏமாத்தணும்னா முதல்லே டாப் கியர்லே போடு. எல்லாரும் என்னை மாதிரி தெரிஞ்சே மிதிச்சிண்டு உட்கார்ந்திருக்க மாட்டா. நகரு, பந்திக்காவது போய்ச் சேரணும்!”