மூன்று நொய்மான்கள்

தெருவின் எதிர்ப்பக்கத்திலேயே அவன் நின்றுவிட்டான்.

அடுக்குமாடி வாசலில் அப்பா. தூறலில் கம்பளித் தொப்பி நனைந்திருந்தது. வீட்டுக்காரர் பெயர்கள் எழுதிய அழைப்புமணிப் பொத்தான்களின் வரிசையில் அவர் விரல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசிப் பெயர்வரை போயிற்று.

மறுபடி மேலிருந்து தொடங்கியது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்றுதான் முதன்முறையாகத் தனியே நடக்கப் போனார். கைப்பேசியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவன் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான்.

அப்பா தேடுவது எந்தப் பெயர் என்று அவனுக்குத் தெரியும்.

கதிர்காமத்தம்பி.

அப்பாவின் பெயர். பள்ளிக்கூடத்திலும் கடவுச்சீட்டிலும் அவன் பெயரோடு ஒட்டி நின்றது. ஜெர்மனியில் அதைத்தான் குடும்பப் பெயர் என்றார்கள். அந்தப் பெயரில் அனுப்பிய வேலை விண்ணப்பங்களுக்கு ஒருவரும் பதில் போடவில்லை.

கல்யாணத்தின்போது காட்ரினின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டான்.

வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். உன் அப்பாவின் பெயரை நானும் வைத்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னாள். அவன்தான் கேட்கவில்லை.

அடுத்த மாதமே நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

இதெல்லாம் தொலைபேசியில் சொல்லும் விஷயமா என்று தள்ளிப்போட்டான். மகன் பிறந்தபோதும் தள்ளிப்போட்டான். அப்பா நேரில் வந்த பிறகும்.

சாலையைக் கடந்தான்.

அப்பா திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"தம்பி, எங்கட பேரைக் காணேல்லை. நியூமன் எண்டு மூண்டு கிடக்கு. ஒரே குடும்பமோ?"

"நொய்மான் அப்பா. சொந்தமெண்டு இல்லை. இந்த நாட்டில எங்க போனாலும் இருக்கிற பேர்." அதோடு நிறுத்தப் பார்த்தான். முடியவில்லை. "ரெண்டு வீடு வேற ஆக்கள். மற்றது நாங்கள்."

ஒரு பேருந்து கடந்து போனது. அப்பா மறுபடி அந்தப் பொத்தான்களைப் பார்த்தார்.

"பேரனுமோ?"

தலையாட்டினான்.

"என்ன கருத்து அதுக்கு?"

"புது ஆள். அந்தக் காலத்தில எங்கையோ இருந்து வந்து ஊரில குடியேறினவனை ஊராக்கள் அப்பிடித்தான் கூப்பிட்டவையாம். அதுவே பிள்ளையளுக்கும் நிலைச்சுப்போச்சு. எல்லா ஊரிலயும் அப்பிடி ஆரோ வந்திருக்கினம். அதுதான் இவ்வளவு பேர்."

காட்ரின் முதலில் இதைச் சொன்னபோது அவன் சிரித்திருந்தான், எனக்குப் பொருத்தமான பெயர்தான் என்று. இப்போது ரொட்டிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். ஈரத்தைச் சட்டை நுனியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"அப்ப, அந்த வந்தவனுக்கும் முதல் ஒரு பேர் இருந்திருக்கும்."

அவன் சாவியை எடுத்தான்.

"பொறு," என்றார் அப்பா. "இதில எது உங்கட?"

காட்டினான்.

அப்பா அதை அழுத்தினார். முதல் மாடியில், பூட்டிய வீட்டுக்குள் மணி அடிப்பது கீழே கேட்டது. காட்ரின் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தாள். அது அப்பாவுக்கும் தெரியும்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முதன்முறை வந்த விருந்தாளியைப்போல, கதவைப் பார்த்து நின்றார்.